பின்னாலிருந்து மோதிய வண்டியும் சான்றில்லாத கூலியும்: விபத்து இழப்பீட்டில் சாதி நுழையும் இடம்

பாடி மேம்பாலத்தைக் கடந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையை நோக்கிச் செல்லும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில், மண்ணூர்பேட்டை அருகே நெரிசலில் வேகம் குறைந்து ஒரு இருசக்கர வாகனம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவருக்கு வயது 34. தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. மாதம் 18,000 ரூபாயை ரொக்கமாகக் கையில் வாங்குகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவருடைய கூலியை நம்பி வாழ்கிறார்கள். பின்னால் வந்த கார் மோதுகிறது. அவர் இறந்துபோகிறார்.

இது விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. ஆயினும் மேற்குச் சென்னையின் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் வாழ்பவர்களுக்கு இது அயலான கதை அன்று. அந்தக் குடும்பம் இழப்பீடு கோரித் தீர்ப்பாயத்திற்குச் செல்லும்போது இரண்டு கேள்விகளைச் சந்திக்கும். தவறு யாருடையது என்பது முதல் கேள்வி. இழந்தது எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. பின்புற மோதலில் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான விடை உண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் தோற்பது இரண்டாவது கேள்வியில்தான். சட்டத்தின் எந்தப் பிரிவிலும் சாதி என்னும் சொல் இல்லாமலேயே அங்கே சாதி வேலை செய்கிறது. அது எப்படி நிகழ்கிறது என்பதையும், அதை எதிர்கொள்ளச் சட்டத்திற்குள்ளேயே என்னென்ன கருவிகள் உள்ளன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தவறு யாருடையது?

முன்னால் செல்லும் வண்டி திடீரென நின்றாலும் மோதாமல் நிறுத்தக்கூடிய இடைவெளியை விட்டு ஓட்டவேண்டியது பின்னால் வருபவரின் கடமை. 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளில் 23ஆவது விதி இதைக் கூறியது. அவற்றுக்கு மாற்றாக 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் இதே கடமையை வைத்திருக்கின்றன. 2018இல் நிஷான் சிங் எதிர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் வழக்கில், முன்னால் சென்ற லாரி திடீரென நின்றது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. போதிய இடைவெளி விடாமல் பின்னால் வந்த காரின் ஓட்டுநரே பொறுப்பு என்றது.

ஆனால் இது மாறாத விதி அன்று. 2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் நடந்த விபத்து ஒன்றில், நெடுஞ்சாலையில் எச்சரிக்கையின்றித் திடீரென நின்ற காரின் பின்புறம் ஒரு பொறியியல் மாணவரின் இருசக்கர வாகனம் மோதியது. கீழே விழுந்த அவருடைய காலின் மீது பின்னால் வந்த பேருந்து ஏறியது. இடது கால் துண்டிக்கப்பட்டது. தீர்ப்பாயம் கார் ஓட்டுநரை முற்றிலும் விடுவித்தது. உயர் நீதிமன்றம் காருக்கு 40, பேருந்துக்கு 30, மாணவருக்கு 30 விழுக்காடு என்று பொறுப்பைப் பிரித்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையின் நடுவே எச்சரிக்கையின்றி நிறுத்தியதே விபத்தின் வேர் என்று கூறி, காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 விழுக்காடு என்று மாற்றியது. மொத்த இழப்பீடு ஏறத்தாழ 1.14 கோடி ரூபாய்; அதில் 20 விழுக்காடு கழிந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 91.4 லட்சம். இடைவெளி விடாததற்காகவும் உரிமம் இல்லாததற்காகவும் கழிந்த தொகை மட்டும் 22 லட்சத்திற்கும் மேல். பொறுப்பில் ஒவ்வொரு விழுக்காடும் பணம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

ஷேர் ஆட்டோவில் பயணம் செய்பவர்களின் நிலை வேறு. ஆட்டோவின் பின்னால் லாரி மோதினால், இரண்டு ஓட்டுநர்களும் ஒருவர் மீது ஒருவர் பழி போடுவார்கள். பயணி எந்தத் தவறும் செய்யவில்லை. எனவே இருவரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கோர அவருக்கு உரிமை உண்டு என்று 2015இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்களுடைய வேலை.

குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டால் இழப்பீடும் போய்விட்டது என்று பலர் கருதுகிறார்கள். அது பிழை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமை அம்மாள் வழக்கில் 1980இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தீர்த்துவைத்தார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்குத் தேவை ஐயத்திற்கு இடமற்ற மெய்ப்பிப்பு அன்று. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அங்கே அளவுகோல்.

ஓர் உயிரின் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 168ஆவது பிரிவு, தீர்ப்பாயம் 'நியாயமான' இழப்பீட்டை வழங்கவேண்டும் என்கிறது. அதைக் கணக்கிடும் முறையை 2009இல் சரளா வர்மா வழக்கும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் வகுத்தன. இறந்தவரின் மாத வருமானத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். அமைப்புசாராத் தொழிலாளியாக, 40 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டவேண்டும். 40 முதல் 50 வயது வரை 25 விழுக்காடு. 50 முதல் 60 வரை 10 விழுக்காடு. பிறகு அவர் தமக்காகச் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழிக்கவேண்டும். நான்கு முதல் ஆறு பேர் அவரைச் சார்ந்திருந்தால் அது நான்கில் ஒரு பங்கு. எஞ்சியதை ஆண்டு வருமானமாக்கி, வயதுக்கு உரிய பெருக்கெண்ணால் பெருக்கவேண்டும். 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16.

நம் எடுத்துக்காட்டில் 18,000 ரூபாயுடன் 40 விழுக்காடு கூட்டினால் 25,200. நான்கில் ஒரு பங்கு கழித்தால் 18,900. ஆண்டுக்கு 2,26,800. பதினாறால் பெருக்கினால் 36,28,800 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவுக்கும் உடைமை இழப்புக்கும் தலா 15,000, துணையை இழந்ததற்கு 40,000 என்று பிரணய் சேத்தி தீர்ப்பு வகுத்தது. இத்தொகைகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயரும். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இவ்வுரிமை உண்டு என்று 2018இல் மேக்மா வழக்கு விரிவுபடுத்தியது.

இந்தக் கணக்கை மறுமுறை பாருங்கள். வயது, சார்ந்திருப்போர் எண்ணிக்கை, பெருக்கெண் ஆகியவற்றை எளிதில் மறுக்க முடியாது. மறுக்கக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான்: மாத வருமானம். நம் எடுத்துக்காட்டில், மெய்ப்பிக்க முடியாத ஒவ்வோர் ஆயிரம் ரூபாய்க்கும் அந்தக் குடும்பம் 2,01,600 ரூபாயை இழக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் வருமானத்தையே சுற்றிச் சுற்றி வருவதன் காரணம் இதுதான்.

வருமானச் சான்று என்னும் பொறி

மாதச் சம்பளம் பெறும் அலுவலரின் குடும்பம் சம்பளச் சீட்டையும் வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்துவிட்டு அமர்ந்துகொள்கிறது. சாக்கடை அடைப்பு எடுப்பவர், கட்டட வேலைக்குச் சித்தாளாகச் செல்பவர், சுமை தூக்குபவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் குடும்பங்களிடம் அந்தத் தாள் இல்லை. யார் எந்த வேலையில் இருக்கிறார்கள், எந்த வேலைக்குத் தாள் உண்டு, எதற்கு இல்லை என்பதை இந்த நாட்டில் முடிவு செய்தது எது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அம்பேத்கர் சாதியை உழைப்பாளர்களின் பிரிவினை என்று அடையாளம் காட்டினார். அந்தப் பிரிவினை சம்பளப் பட்டியல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வடிவில் தீர்ப்பாயத்திற்குள் வருகிறது.

இதைவிடக் கொடிய பொறி ஒன்று உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கும், மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்று தேவை. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று எழுதப்பட்ட சான்று ஒன்று நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் பெட்டியில் இருக்கிறது என்று கொள்வோம். மகளின் உதவித்தொகைக்காக வாங்கிய அந்தத் தாளைக் காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தில் முன்வைக்கிறது. மாத வருமானம் 6,000 ரூபாய் ஆகிவிடுகிறது. 36,28,800 ரூபாய் 12,09,600 ஆகச் சுருங்குகிறது. படிப்பதற்குச் சிறிய உதவி பெற வாங்கிய சான்று, தந்தையின் உயிர் மதிப்பில் 24 லட்சம் ரூபாயைக் குறைத்துவிடுகிறது. ஒப்பந்ததாரர் தம் பங்களிப்பைக் குறைப்பதற்காக இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவுகளில் உண்மைக் கூலியைவிடக் குறைவாகக் காட்டுவதும் இதே விளைவைத் தரும்.

இதற்கு எதிரான சட்ட வாதம் வலுவானது. 2014இல் சையத் சாதிக் வழக்கில் காய்கறி வியாபாரி ஒருவர் தம் வருமானத்திற்கு ஆவணம் தரவில்லை என்பதற்காக அவருடைய கோரிக்கையைக் குறைத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தகைய தொழில் செய்பவரிடம் ஆவணத்தை எதிர்பார்ப்பதே முறையன்று என்று கூறி, மாதம் 6,500 ரூபாயை வருமானமாக ஏற்றது. 2021இல் சந்திரா எதிர் முகேஷ் குமார் யாதவ் வழக்கில், சம்பளச் சான்று இல்லாதபோது குறைந்தபட்சக் கூலி அறிவிக்கை ஓர் அளவுகோலாக இருக்கலாம், அதுவே இறுதி அளவுகோல் ஆகாது என்றது. தீர்ப்பாயத்தின் ஊகம் நடப்பிலிருந்து விலகிவிடக்கூடாது என்பதே அதன் சாரம்.

எனவே நாம் செய்யவேண்டியது, செலவின் வழியாக வருமானத்தைக் காட்டுவது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மகளிர் குழுக் கடனின் தவணை, ஏலச்சீட்டுக் குறிப்பேடு, வண்டித் தவணை, கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம் ஆகிய ஒவ்வொன்றும் சான்றே. மாதம் 6,000 ரூபாய் ஈட்டியவர் 5,500 ரூபாய் வாடகை தந்து நால்வருக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்பது எந்த நீதிபதிக்கும் விளங்கும். உடன் வேலை செய்தவரைச் சாட்சியாக நிறுத்தலாம். ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டை வரவழைக்கும் அதிகாரம் 169ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்திற்கு உண்டு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழான நல வாரிய அட்டை, செய்த தொழில் எது என்பதை நிறுவும். அட்டை இல்லாதவர்களைப் பதிவு செய்ய வைப்பது நம் இயக்கங்கள் விபத்துக்கு முன்பே செய்யவேண்டிய பணி.

பிழைத்தவர்களின் உடல்

உயிர் பிழைத்து ஊனமடைந்தவர்களுக்கு மருத்துவக் குழு ஒரு விழுக்காட்டை எழுதித் தருகிறது. அந்த விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று 2010இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கு கூறியது. கை இழந்த எழுத்தர் தம் வேலையில் தொடரக்கூடும். அதே கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ வாழ்வாதாரம் ஏறக்குறைய முழுமையாகப் போய்விடுகிறது. பின்புற மோதலில் கழுத்தெலும்பும் முதுகுத்தண்டும் பாதிக்கப்படுவதுண்டு. வெளியே தெரியாத இக்காயங்களுக்கு ஊன விழுக்காடு குறைவாக எழுதப்படலாம். ஆனால் மூட்டை தூக்குபவரால் இனித் தூக்க முடியுமா என்பதே கேள்வி. உடலுழைப்பில் வாழும் நம் மக்களுக்கு இத்தீர்ப்பைப் போல் பயன்படும் தீர்ப்பு வேறில்லை. மருத்துவரைச் சாட்சியாக அழைத்து, இந்தக் குறிப்பிட்ட வேலையை இவரால் செய்ய முடியுமா என்று கேட்டுப் பதிவு செய்யவேண்டும்.

இறந்தவர் பெண்ணாக இருந்தால் மதிப்பு இன்னும் சுருங்குகிறது. 1994இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தது. அந்த அட்டவணை 2018இல்தான் மாற்றப்பட்டது. 2021 ஜனவரியில் கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சுட்டியது. வீட்டு வேலையே தங்கள் முதன்மைப் பணி என்று கூறிய பெண்கள் 15.98 கோடி, ஆண்கள் 57.9 லட்சம். இல்லத்தில் உழைப்பவருக்கும் கருத்தியல் வருமானத்தை நிர்ணயிக்கவேண்டும், எதிர்கால உயர்வையும் கூட்டவேண்டும் என்பது அத்தீர்ப்பின் முடிவு. நம் பெண்களில் பலர் வீட்டிலும் உழைத்து, வெளியிலும் கூலிக்குச் செல்பவர்கள். மனுவில் இரண்டையும் தனித்தனியே எழுதவேண்டும்.

முதல் நாள் முதல் ஆறு மாதம் வரை

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் முதல் வாக்கியம் வழக்கின் அடித்தளம். 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்று எழுதப்பட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு நாளும் அதோடு போராடவேண்டும். பின்னால் வந்து மோதிய வண்டியின் எண்ணைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிப் பெறலாம்.

வண்டிகளை நகர்த்தும் முன் அவை நின்ற நிலையைப் படம் எடுங்கள். கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும். உடனே எழுத்து மூலம் காவல் துறையிடம் அவற்றைக் கைப்பற்றக் கோருங்கள். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகிய நான்கின் நகலையும் பெறுங்கள். மோதியவரின் வண்டியில் முன்புறச் சேதமும் உங்கள் வண்டியில் பின்புறச் சேதமும் ஆய்வாளர் அறிக்கையில் பதிவாகியிருந்தால், அதுவே பாதி வழக்கு.

புகாரைப் பெற மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி உயர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். அதன் பிறகு நடுவரை அணுகலாம். அம்பத்தூர் வட்டாரம் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

1.4.2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அனுப்பவேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாள்களுக்குள் தரவேண்டும். இவற்றைக் கண்டிப்புடன் நிறைவேற்ற 2022 டிசம்பர் 15 அன்று கோகர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் துறையின் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கொள்ள 166(4) பிரிவு வழி செய்கிறது. விரிவான அறிக்கை தயாராகும்போது வருமானம் குறித்த உங்கள் ஆவணங்களும் அதில் சேரவேண்டும்.

166(3) பிரிவின்படி மனுவுக்கான காலவரம்பு ஆறு மாதம். இதை எதிர்த்த வழக்குகள் நிலுவையில் உள்ளன. காலதாமதம் என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்தையே எல்லையாகக் கொள்ளுங்கள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம். விழுப்புரத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து இறந்தவரின் குடும்பம் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு முன்

சாலையோரத்தில் சில ஆயிரம் ரூபாயைக் கையில் திணித்து வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். போடக்கூடாது. 164ஆவது பிரிவின்படி தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலேயே இறப்புக்கு 5 லட்சமும், கொடுங்காயத்திற்கு 2.5 லட்சமும் பெறலாம். அவசரத்தில் இது உதவும். ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அத்தொகையை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீட்டுக்கான மனு காலாவதியாகிவிடும். 36 லட்சம் கிடைக்கவேண்டிய இடத்தில் 5 லட்சத்தோடு கதை முடிந்துவிடும். மோதிய வண்டி எது என்றே தெரியாதபோது 161ஆவது பிரிவின் கீழ் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதில் பிழையில்லை. ஆனால் அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. உரிய கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்பவேண்டும்.

மோதியவர் இறங்கி வந்து சாதியைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால், அது விபத்தோடு சேர்ந்த சிறு தகராறு அன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் கீழ்த் தனிக் குற்றம். அதற்குத் தனிப் புகாரும் அரசின் தனி நிவாரணமும் உண்டு. அதே நேரத்தில், அத்தகைய செயல் நடக்காத விபத்தில் அச்சட்டத்தைச் சேர்ப்பது இரு வழக்குகளையும் பலவீனப்படுத்தும்.

இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கறிஞர் கட்டணம் பெறுவது வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி தடை செய்யப்பட்டது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞரை உரிமையாக்குகிறது. உதவி எண் 15100. வருமானச் சான்று கேட்காத உரிமை இது ஒன்றாவது இருக்கிறது.

இங்கே கூறியவை எல்லாம் இருக்கும் சட்டத்திற்குள் செய்யக்கூடியவை. அதற்கு அப்பால் அரசியல் கோரிக்கை ஒன்றும் எழவேண்டும். ஆவணம் இல்லாத தொழிலாளிக்கான கருத்தியல் வருமானத்தை ஒவ்வொரு தீர்ப்பாயத்தின் போக்குக்கும் விட்டுவிடாமல், விலைவாசியோடு ஆண்டுதோறும் உயரும் அடித்தள அளவாக அரசு அறிவிக்கவேண்டும். நலத்திட்டத்திற்காகப் பெற்ற வருமானச் சான்றை இழப்பீட்டைக் குறைக்கப் பயன்படுத்தக்கூடாது என்று விதி வகுக்கவேண்டும். அதுவரை சட்டம் படிக்கும் மாணவர்களும் தோழர்களும் தங்கள் குடியிருப்பில் விபத்து நடந்த வீட்டிற்கு ஒரு குறிப்பேட்டோடு செல்லுங்கள். அந்தக் குடும்பம் மாதம் எவ்வளவு வாடகை தந்தது, எவ்வளவு தவணை கட்டியது, யாரோடு வேலைக்குப் போனார் என்பதை ஆறு மாதம் கடக்கும் முன் எழுதி வாங்குங்கள்.